தையலுக்குப் பதில் பசை... காயத்தைச் சுற்றி அரித்தால் என்ன செய்வது?

ஆபரேஷன் முடிந்ததும் தையல் போடுவதற்குப் பதிலாக, வெளித்தோலைப் பசையால் ஒட்டிவிடுவது இப்போது பல மருத்துவமனைகளில் வழக்கம். சிசேரியன், மூட்டு மாற்று ஆபரேஷன்களிலும் இது உண்டு. தையல் பிரிக்கும் வேலை இல்லை. 5 முதல் 10 நாள்களில் பசை தானாக உரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை வராது. சிலருக்கு மட்டும் வீடு திரும்பிய சில நாள்களில் காயத்தைச் சுற்றி அரிப்பு தொடங்கும்.

ஏன் அரிக்கிறது?

இந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். உடைந்த பொருளை ஒட்ட வீட்டில் வைத்திருக்கும் இன்ஸ்டன்ட் பசையும் இதே குடும்பம்தான். (அதற்காக அதைக் காயத்தில் தடவிவிடாதீர்கள். மருத்துவப் பசையின் தயாரிப்பே வேறு.) செயற்கை நகம், ஒட்டு இமை ஆகியவற்றுக்கான பசைகளிலும் இது இருக்கிறது. அவற்றால் ஏற்கெனவே அலர்ஜி வந்தவர்களுக்கு, ஆபரேஷன் பசையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

செப்டிக்கா, அலர்ஜியா?

அலர்ஜி என்றால் அரிப்புதான் முதலில் தெரியும். பசை பட்ட இடத்தில் சிவந்து, தடித்து, சிறு கொப்புளங்கள் வரும். பொதுவாகக் காய்ச்சல் இருக்காது.

நோய்த்தொற்று என்றால் வலி நாளுக்கு நாள் கூடும். சீழ், துர்நாற்றம், காய்ச்சல் வரலாம், காயம் பிரியலாம்.

இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அலர்ஜியைத் தொற்று என்று நினைத்தால் தேவையில்லாத ஆன்டிபயாடிக். தொற்றை அலர்ஜி என்று விட்டுவிட்டால் ஆபத்து. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.

அலர்ஜி என்று உறுதியானால் மிச்சமிருக்கும் பசையை டாக்டர் அகற்றி, ஸ்டீராய்டு க்ரீமும் அரிப்புக்கு மாத்திரையும் தருவார்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* பசையைப் பிய்த்து எடுக்காதீர்கள். காயம் திறந்துவிடலாம்.
* மஞ்சள், தேங்காய் எண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கும் ஆயின்ட்மென்ட் எதையும் தடவாதீர்கள்.
* முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறைக்கு...

ஒருமுறை வந்த அலர்ஜி, அதே பசை மீண்டும் பட்டால் இன்னும் சீக்கிரமாக வரலாம். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சயனோஅக்ரிலேட் அலர்ஜி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளலாம். அடுத்த ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட்டால், டாக்டர் தையலோ ஸ்டேப்பிளோ போட்டுவிடுவார்.