கடைக்காயும் வீணாக வேண்டா



பங்குனி வெயில் ஏறுகையில் நம் கும்பகோணம் வட்டாரத்துக் கொல்லைத் தோட்டங்கள் ஓயத் தொடங்குகின்றன. எஞ்சிய காய்களைச் செடியோடு பிடுங்கி எறிவது முறையன்று. ஐயாயிரம்பேர் உண்டபின்னும் மீந்த துண்டுகளைச் சேர்க்கப் பணித்தவர் அன்றோ நம் ஆண்டவர்!

முற்றி வெளுத்த தக்காளிக் காய்களை வைக்கோல்மீது ஓரடுக்காகப் பரப்பி, நடுவே கனிந்த வாழைப்பழம் ஒன்றை வைத்து மூடுங்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு, சில நாள்களில் அவற்றைக் கனிவிக்கும். அழுகியதை அவ்வப்போது அகற்றுங்கள். பிஞ்சுகள் பழுக்கா, கூட்டுக்கு ஆகும். கார்பைடு கல் மட்டும் வேண்டா. அது உடலுக்குக் கேடு. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதனைத் தடுக்கின்றன.

மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, இரவில் அம்மோரிலேயே மீண்டும் இடுங்கள். மோர் வற்றியபின், ஒடித்தால் முறியும்வரை காயவேண்டும். ஒருமுறை நம் சமையற்கட்டில் ஒரு நாள் வெயிலைக் குறைத்தோம். ஜாடி முழுதும் பூசணம் பூத்து, ஓராண்டு வற்றல் குப்பைக்குப் போயிற்று.

கனிவதற்கும் காய்வதற்கும் பொறுமையே வேண்டும். ஐப்பசி அடைமழையில் காய்கறி அரிதாகும்போது, அவ்வற்றலில் ஒரு பிடி அண்டை வீட்டுக்கும் செல்லட்டும்.