பலகையில் மாட்டிய கிளிப்

வேலைக்காக நகரத்திற்கு வந்து சேர்ந்த முதல் ஆண்டுகளின் தனிமையை நீங்களும் அறிந்திருப்பீர்கள். 1998-ஆம் ஆண்டு பெங்களூருக்கு வந்த எனக்கு அத்தனிமையை ஆற்றியது, நகரின் ஓரத்து வெட்டவெளி ஒன்றில் சனிக்கிழமை காலைகளில் கூடிய மாதிரி விமானச் சங்கமே.

சங்கம் என்றவுடன் பெரிய கட்டிடத்தை நினைத்துவிடாதீர்கள். ஒரு வேப்பமரம், ஒரு மேஜை, பத்துப் பதினைந்து பேர், அவ்வளவே. தொழிற்சாலை ஊழியரும் வங்கி அதிகாரியும் கல்லூரி மாணவனும் ஒரே புழுதியில் முழங்காலிட்டு எஞ்சினை முடுக்கினார்கள். பால்சா என்னும் மிக இலேசான மரத்தை மெல்லிய விலாக்களாக அறுத்து ஒட்டி, மேலே உறை போர்த்தி இறக்கைகளைச் செய்வோம். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளின் புகைமணம் இன்றும் என் நாசியில் நிற்கிறது.

மரத்தடியில் ஒரு பலகை இருந்தது. அதில் எண்கள் எழுதிய துணி கிளிப்புகள். அக்காலத்து ரேடியோ கருவிகள் ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசை எண்ணில் இயங்கின. ஒரே எண்ணில் இருவர் இயக்கினால், வானிலுள்ள விமானம் எவருக்குக் கீழ்ப்படிவது என்று அறியாமல் நிலைகுலைந்துவிடும். ஆகவே அந்த எண்ணுக்குரிய கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிய பின்பே சுவிட்சைத் தொடலாம். கிளிப் பலகையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் நான் காத்திருக்கவில்லை. புதிய கருவியைச் சோதித்துப் பார்க்கும் ஆவலில், பலகையைப் பாராமலே சுவிட்சைப் போட்டேன். மறுகணம், ஓய்வுபெற்ற ஃபிட்டரான பெரியவர் ஒருவருடைய விமானம் தலைகீழாகப் புரண்டு தரையில் மோதிச் சிதறியது. மூன்று மாத இரவுகளின் உழைப்பு அது!

நடுக்கத்தோடு அவர் முன் நின்று, "நான்தான் ஐயா" என்றேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பின்பு குனிந்து துண்டுகளைப் பொறுக்கியபடியே, "எஞ்சின் தப்பிச்சுது தம்பி. அடுத்த வாரம் வீட்டுக்கு வாங்க, இறக்கையைச் சேர்ந்தே கட்டுவோம்" என்றார்.

ஆறு வாரங்கள் சென்றேன். பசை உலரும் நேரத்தில் அவர் ரைட் சகோதரர்களைப் பற்றிச் சொல்லுவார். 1878-ல் அவர்களுடைய தகப்பனாரான பேராயர் மில்டன் ரைட், ரப்பர் வளையத்தின் விசையால் எழும்பும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். அது உடைந்துபோனது, பிள்ளைகளோ அதைப் போலவே தாங்களாகச் செய்து பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் முதன்முதலாக எழும்பி 12 வினாடிகள் பறந்தது. உடைந்ததைத் திரும்பச் செய்த கைகள் அல்லவா அவை!

அந்நகரில் எனக்கு முதலில் திறந்த வீடு அந்தப் பெரியவருடையதே.

பின்னாளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய விமானத்தோடு மட்டுமே பேசுவதால் கிளிப்புக்கு வேலையில்லாமற்போயிற்று. அந்த வெட்டவெளியிலும் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆயினும் பலகையைப் பார்த்த பின்பே சுவிட்சைத் தொடும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. என் அவசரம் எவருடைய உழைப்பைத் தரையில் வீழ்த்துமோ என்று ஒருகணம் நிதானிக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளை எதையாவது உடைத்துவிட்டு, "நான்தான்" என்று உங்கள் முன் வந்து நிற்கும் நாள் வரும். அப்போது முதலில் குனிந்து துண்டுகளைப் பொறுக்குங்கள். பேச்சு பிறகு இருக்கட்டும்.