ஸ்ரீரங்கத்துக் கூடத்துக்கு எலெக்ட்ரோஸ்டாடிக்கா, பிளானரா?

திருச்சிக்காரர்களிடம் ஸ்பீக்கர் என்று ஆரம்பித்தால் முதலில் வரும் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் பழகிய காதுகள், பாவம்! ஆனால் சத்தத்துக்காக இல்லாமல், பாட்டைப் பாட்டாகக் கேட்பதற்கென்றே இரண்டு வகை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. பெட்டி கிடையாது, காகிதக் கூம்பு கிடையாது. கதவு மாதிரி நிற்கும் ஒரு தட்டி, அவ்வளவுதான். ஒன்று எலெக்ட்ரோஸ்டாடிக், மற்றது பிளானர் மேக்னடிக். பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் குணம் வேறு.

எலெக்ட்ரோஸ்டாடிக்கில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றைத் துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருப்பார்கள். படலத்தில் சில ஆயிரம் வோல்ட் ஏற்றப்பட்டிருக்கும். தகடுகளில் பாட்டுக்குத் தக்கபடி மின்னழுத்தம் மாற மாற, படலம் மொத்தமாக அசையும். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் க்வாட் நிறுவனம் 1957-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளானரில் இந்த ஆயிரம் வோல்ட் சமாசாரம் இல்லை. படலத்தின் மேல் கம்பிகளை ஒட்டி, பக்கத்தில் காந்தங்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். கம்பியில் மின்சாரம் ஓடினால் படலம் அசையும். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் வைனி 1969-ல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனம்தான் இதில் பெரிய பெயர்.

சரி, கேட்க எப்படி? தம்புராவை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே பிடிபடும். ஜீவா நூல் வைத்துச் சுருதி சேர்த்த தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதற்கு மேலே இன்னும் எத்தனையோ ஸ்வரங்கள் கிளம்பும். அவற்றை எலெக்ட்ரோஸ்டாடிக் ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். கம்பியின் எடை இல்லாத படலம், சட்டென்று அசைந்து சட்டென்று நிற்கும். பிளானரில் அந்த மினுமினுப்பு ஒரு மாற்றுக் குறைவுதான். இதை மறுப்பவர் அநேகமாக பிளானர் வாங்கியவராக இருப்பார் :-)

ஆனால் கச்சேரி என்பது தம்புரா மட்டும் இல்லையே. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி வாசிக்கும்போது எழும் கும்கிக்கு நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட படலம் எவ்வளவு தூரம்தான் அசையும்? நாதஸ்வரம் என்றால் இன்னும் மோசம். ஷேக் சின்ன மௌலானா (1924-1999) வாழ்ந்த ஊர் ஸ்ரீரங்கம். அவருடைய வாத்தியம் வீதிக்கும் கோபுர வாசலுக்கும் உரியது. அந்தக் கம்பீரம் வேண்டுமென்று பழைய க்வாட்டில் வால்யூமைத் திருகிக்கொண்டே போனால், உள்ளே மின்பொறி தாவிப் படலத்தில் ஓட்டை விழும். தவிலின் அடியை பிளானரும் நேரில் கேட்பது போலத் தந்துவிடாது. ஆனாலும் கும்கி வரை மரியாதையாக வந்து சேரும்.

அடுத்தது வீடு. உத்திர வீதி, சித்திரை வீதியின் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளமாகப் போகும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை. பக்கச் சுவர் அடுத்த வீட்டுடையதும்தான். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரை அங்கே வைத்தால் சத்தம் இரண்டு சுவரிலும் சிமெண்ட் தரையிலும் மோதி ஒரே குழப்பம். தட்டி ஸ்பீக்கர்கள் முன்னும் பின்னும்தான் ஒலிக்கும். இரண்டும் எதிரெதிர்க் கட்டத்தில் இருப்பதால் பக்கவாட்டில் ஏறக்குறைய ரத்தாகிவிடும். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தினால் பின்பக்க ஒலி ஆகாயத்துக்குப் போய்விடும். அக்கிரகாரத்து வீட்டைக் கட்டியவர் இதற்காகவே கட்டினாரோ என்று தோன்றும்! இந்த விஷயத்தில் இரண்டுக்கும் சம மார்க்.

அதே முற்றம்தான் எலெக்ட்ரோஸ்டாடிக்கின் எமன். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு. மழை மாதத்து ஈரத்தில் உயர் வோல்ட் கசிந்து படபடவென்று பொரியும். மின்னேற்றம் தூசியை வேறு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். பிளானருக்கும் நோய் உண்டு. திருச்சி வெயிலில் பசை இளகினால் கம்பி பெயர்ந்து சலசலக்கும். ஆனால் பொறுமை இருந்தால் அதைத் திரும்ப ஒட்டிவிடலாம். செலவும் சும்மா இல்லை, நாலு ஓம் தட்டிக்கு நல்ல கரண்ட் தரும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

ஆகவே முற்றமுள்ள ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு பிளானர்தான். ஒரே ஒரு விதிவிலக்கு. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. அந்தக் காலத்து வானொலிக் கச்சேரிகள் எல்லாம் மோனோ. முதல் க்வாட் வந்ததும் மோனோ காலத்தில்தான், ஒரு வீட்டுக்கு ஒரு தட்டியே போதுமென்று இருந்த நாட்கள். பழைய வாய்ப்பாட்டுப் பதிவுகளை மட்டும் மெல்லிய சத்தத்தில் கேட்பவருக்கு ஒற்றை எலெக்ட்ரோஸ்டாடிக் போதும். ஏசி போட்ட, தூசி வராத ஓர் உள்ளறையில், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி.

தில்லைநகர் அடுக்குமாடியில் அந்த மூன்றடிக்குத்தான் சண்டை வரும்.