கரிசல் மண்ணில் பிறந்த சிறுத்தை

சிறுத்தை என்றதும் நமக்கு 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் நினைவுக்கு வரும். அவர்களுக்குப் பெயர் தந்தது 1966இல் ஓக்லாந்தில் உருவான பிளாக் பேந்தர் கட்சி. அந்தக் கட்சி தன் சின்னத்தை எடுத்துக்கொண்டது அலபாமா மாநிலத்தின் லோன்ட்ஸ் கவுண்டியிலிருந்து. தோழர்களே, அந்த மண்ணை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலபாமாவின் நடுவே ஒரு கரிசல் பட்டை ஓடுகிறது. பண்டைய கடலின் சுண்ணாம்புப் படிவின் மேல் உருவான வளமான மண் அது. 1814இல் மஸ்கோகி பழங்குடிகளைத் தோற்கடித்து அமெரிக்க அரசு பறித்த நிலத்தில் இதன் பெரும்பகுதி அடங்கும். பருத்தி வந்தது, பருத்திக்காக அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். 1860 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 9.64 லட்சம் பேர், அதில் 4.35 லட்சம் பேர் அடிமைகள்.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. நிலமோ பண்ணையார்களிடமே தங்கியது. 1901 மாநில அரசியல் சட்டம் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வைத்து கறுப்பர்களின் வாக்குரிமையைப் பிடுங்கியது. லோன்ட்ஸில் ஐந்தில் நால்வர் கறுப்பர். ஆனால் 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை.

அவர்கள் சொந்தக் கட்சி கட்டினார்கள். சின்னம், கருஞ்சிறுத்தை. வாக்காளராகப் பதிந்த குற்றத்துக்காக வாரக்குடிகளைப் பண்ணையார்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். 1966 தேர்தலில் தோற்றார்கள். 1970இல் அக்கட்சியை முன்னின்று கட்டிய ஜான் ஹியூலெட் அந்தக் கவுண்டியின் ஷெரீஃப் ஆனார்.

கதை அங்கே முடியவில்லை. பருத்தி விளைந்த அதே களிமண் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. கழிவுத்தொட்டிகள் பழுதாகி, பல ஏழைக் கறுப்பர் வீடுகளின் கழிவு இன்றும் திறந்தவெளியில் தேங்குகிறது. சரிசெய்யப் பணமில்லாதவர்கள் மீதே சட்டம் பாய்ந்தது. 2023இல் மத்திய அரசு தலையிட்டு மாநிலத்துடன் ஓர் உடன்பாடு செய்தது. 2025இல் அதையும் கைவிட்டது.

மண்ணின் மீது பழி போடுவது எளிது. அந்த மண்ணில் கோடிக்கணக்கில் லாபம் எடுத்தபோது யாரும் அதைக் குறை சொல்லவில்லை. எனவே, மாணவத் தோழர்களே, புவியியல் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது? யார் உழைத்தார்கள்? பட்டா யார் பெயரில் இருக்கிறது? நம் சேரிகளின் வரைபடத்தையும் இதே கேள்விகளோடு படிப்போம்.