கேட்டு உண்பதில் கூச்சம் எதற்கு?

இஸ்தான்புல்லில் தங்கிய ஐந்து நாள்களும் தம்பியின் மகன் டோனரைத் தவிர வேறொன்றையும் விரும்பவில்லை. நிமிர்த்திய கம்பியில் அடுக்கிய இறைச்சி நெருப்பின் முன் சுழல, வெந்த பகுதியைச் சீவி ரொட்டியில் சுருட்டித் தரும் பண்டம். நம் ஊர்களில் ஷவர்மா என்று விற்பதற்கு மூத்த சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாம் நாள் தரைவழியாகக் கிரேக்க எல்லையைக் கடந்தோம். சாலையோரக் கடை ஒன்றில் அதே கம்பி, அதே நெருப்பு, அதே மணம். பையன் ஓடிப்போய் ஒன்று வாங்கி, பாதியைத் தின்ற பிறகுதான் நமக்கு ஐயம் எழுந்தது. "பன்றியா?" என்று சைகையும் சொல்லுமாகக் கடைக்காரரிடம் கேட்டோம். அவர் "நே, நே" என்றார். இல்லை என்கிறார் என எண்ணி, "சாப்பிடு வாப்பா" என்று நாமே சொன்னோம். இன்னும் இரண்டு கவளம் உள்ளே போயிற்று.

கிரேக்க மொழியில் "நே" என்றால் "ஆம்".

விஷயம் புரிந்ததும் நம்மைவிட அதிகம் பதறியவர் அந்தக் கடைக்காரர். பணத்தைத் திருப்பித் தந்தார், தண்ணீர் தந்தார், நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். அவர்மீது ஒரு குற்றமும் இல்லை. அறியாமல் உண்ட சிறுவன்மீதும் இல்லை. அன்றிரவு முழுதும் அழுத அவனுடைய தாயாரிடம் அதைத்தான் சொன்னோம். ஆனால் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஹலால், ஹராம் பாடம் நடத்தும் நாம், வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டாமா? துருக்கியில் பார்த்த அதே தோற்றம் என்பதால் கேட்கவில்லை. கூட்டத்தின் நடுவே கேட்கக் கூச்சமாகவும் இருந்தது. அதுதான் உண்மை.

வெளிநாடு செல்லும் நம் குடும்பங்களை இரு வகையாகக் காண்கிறோம். ஒரு சாரார் பெட்டி நிறைய ஊறுகாயும் நூடுல்ஸும் கொண்டுபோய், எந்தக் கடையின் படியும் ஏறாமல் விடுதி அறையிலேயே வெந்நீர் ஊற்றி உண்டு திரும்புவார்கள். மறு சாரார், "பயணத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கண்ணை மூடிக்கொண்டு எதையும் உண்பார்கள். முன்னதைப் பேணுதல் என்றும் பின்னதை அலட்சியம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது நம் கருத்து. வாய் திறந்து ஒரு மனிதரிடம் கேட்பதை இருவருமே தவிர்க்கிறார்கள்.

நாம் போய்ச் சேர்ந்த கொமோதினி நகரம் மேற்குத் திரேஸ் வட்டாரத்தில் உள்ளது. 1923ஆம் ஆண்டின் லொசான் உடன்படிக்கைக் காலத்தில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்து, இலட்சக்கணக்கானோர் சமய அடிப்படையில் இடம்பெயர்க்கப்பட்டனர். அதிலிருந்து விலக்குப் பெற்று, பிறந்த மண்ணிலேயே தங்கியவர்கள் இவ்வட்டார முஸ்லிம்கள். துருக்கியர், மலைகளில் வாழும் பொமாக்குகள், ரோமா மக்கள் என மூன்று பிரிவினர். கொமோதினியிலும் எஹீனோஸ் என்னும் மலையூரிலும் மதரஸாக்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பின் சந்தித்தோம். அவருடைய அரபி துருக்கி வாடையுடையது, நம்முடையது தமிழ் வாடையுடையது. ஆயினும் இரண்டு ஆசிரியர்கள் பேசிக்கொள்ள அது போதும். நடந்ததைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டார். பிறகு, "உஸ்தாத், முதலில் சொற்களைப் படியுங்கள், பிறகு சோறு உண்ணலாம்" என்றார்.

அவர் கற்பித்த சொற்கள் இவை. "ஹிரினோ" பன்றி. "மொஸ்ஹாரி" மாடு. "அர்னி" ஆடு. "கொத்தோபுலோ" கோழி. "க்ராஸி" மது, "க்ராஸாத்தோ" என்றால் மதுவில் சமைத்தது. "ஓஹி" இல்லை. "நே" ஆம், அதை நாம் ஏற்கெனவே விலை கொடுத்துப் படித்திருந்தோம். கிரேக்கத்தில் சுவ்லாக்கி என்னும் கம்பி இறைச்சியும் கீரோஸ் என்னும் அந்தச் சுருளும், வேறு பெயர் சொல்லாதவரை, பெரும்பாலும் பன்றியே. மாட்டிறைச்சி உருண்டை எனப் பட்டியலில் இருப்பதிலும் சில கடைகளில் இரண்டையும் கலந்து அரைப்பார்கள். ஆகவே "மொஸ்ஹாரியா?" என்று கேட்பதோடு நில்லாமல், "ஹிரினோ சேர்ந்திருக்கிறதா?" என்றும் கேட்கச் சொன்னார்.

"முஸ்லிம் பெயர் உள்ள கடைக்குப் போய்விட்டால் போதுமே?" என்றோம். பெரியவர் தலையசைக்கவில்லை. 2021இல் கிரேக்க நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், மயக்கமூட்டாமல் அறுப்பதற்கு அளிக்கப்பட்டிருந்த விதிவிலக்கை ரத்துச் செய்தது. அதன் பிறகு, இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்று தம் கடைக்காரரிடம் கேட்பதைத் தாம் வழக்கமாக்கிக்கொண்டதாகச் சொன்னார். எழுபது வயதைக் கடந்தவர், தாம் பிறந்த ஊரில், தமக்கு நன்கு பழக்கமான கடையில் கேட்கிறார்! இரண்டு நாள் விருந்தாளிகளான நமக்குக் கூச்சமாம். வேதம் அருளப்பட்டோர் அறுத்ததை உண்பது பற்றியும் மயக்கமூட்டி அறுப்பது பற்றியும் அறிஞர்களிடையே நீண்ட உரையாடல் உண்டு. அதை இங்கே தீர்க்கப் புகவில்லை. புறப்படும் முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் அமர்ந்து தொலைபேசியில் ஃபத்வா தேடாதீர்கள்.

அன்று பகல் அவர் அழைத்துச் சென்ற எளிய உணவகத்தில் இறைச்சியே கேட்கவில்லை. "நிஸ்திசிமோ" என்று ஒரே சொல் சொன்னார். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் நோன்புக்கால உணவுக்கான பெயர் அது: இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் இராது. ஆண்டில் பல வாரங்களும், கண்டிப்பாகப் பேணுவோர் பெரும்பாலான புதன், வெள்ளிகளும் அப்படி உண்பதால், அந்நாட்டு அடுப்படிகளில் இந்தச் சமையல் நன்றாகவே தேறியிருக்கிறது. பெரிய வெள்ளைப் பயறு தக்காளியில் வெந்து வந்தது. திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டிய தொல்மாதெஸ் வந்தது. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் ஒலிவ எண்ணெயில் மிதந்தன. கீரையை வேகவைத்து எலுமிச்சை பிழிந்திருந்தார்கள். பிறர் நோன்பு நமக்கு விருந்தாயிற்று. ஒரு எச்சரிக்கை: நிஸ்திசிமோ என்ற சொல் மதுவை விலக்காது, ஆகவே "க்ராஸி ஓஹி" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மது பரிமாறாத இடத்தைத் தேர்ந்தது அவர். நாமாகத் தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்போமா என்பது சந்தேகமே. கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் காசு உண்டு, திகைக்க வேண்டாம்.

மாலையில் ஃபனாரி என்னும் கடற்கரை ஊருக்குப் போனோம். இங்கேதான் சுவையான சிக்கல். திரேஸ் முஸ்லிம்கள் ஹனஃபி மத்ஹபினர். கடல் உயிர்களில் மீன் மட்டுமே அவர்களுக்கு ஆகும். நாமோ கடற்கரையில் பிறந்த ஷாஃபிகள். கணவாயும் மட்டியும் பேய்க்கணவாயும் தட்டுத் தட்டாக அடுத்த மேசைகளுக்குப் போவதைத் தம்பி ஏக்கத்தோடு பார்த்தார். பெரியவர் கவனித்துவிட்டார். "உங்கள் இமாம் அனுமதித்திருக்கிறார், உண்ணுங்கள். ஆனால் பேய்க்கணவாயை இங்கே மதுவில் வேகவைப்பதும் உண்டு, நெருப்பில் சுட்டதா என்று கேளுங்கள்" என்றார். தாம் உண்ணாத ஒன்றை நாம் குற்றமின்றி உண்ண வழி சொல்லித் தந்தவர் அவர். மத்ஹபு வேறுபாட்டுக்காக ஒரே தெருவில் முகம் திருப்பிக்கொள்ளும் நம்மவர் சிலரை அப்போது நினைத்துக்கொண்டோம். அவருக்குப் பொரித்த மத்தி, நமக்குச் சுட்ட கணவாய், எல்லோருக்கும் எலுமிச்சை. கோடையில் அங்கே மக்ரிப் ஒன்பது மணியை ஒட்டித்தான் வரும். ஊராரின் இரவு உணவும் அதற்குப் பிறகுதான். தொழுதுவிட்டு நிதானமாக உண்ண அது வசதியாகவே இருந்தது.

மறுநாள் செவ்வாய். கொமோதினியில் செவ்வாய்தோறும் பெரிய சந்தை கூடும். (சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள க்ஸாந்தியில் சனிக்கிழமைச் சந்தை.) முக்காடிட்ட பொமாக்குப் பெண்களும் சிலுவை அணிந்த கிரேக்கப் பாட்டிகளும் ஒரே தள்ளுவண்டியில் தக்காளி பொறுக்கினார்கள். ஊருக்கே பெயர் வாங்கித் தந்தவை இரண்டு: வறுத்த கொண்டைக்கடலையும், சுஜுக் லொக்கும் என்ற இனிப்பும். சுஜுக் என்றால் மசாலா இறைச்சிக் குழல். பெயரைக் கேட்டதும் தம்பி மனைவி பையனின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்! உருவம் மட்டுமே குழல். உள்ளே வால்நட், வெளியே மாவும் சர்க்கரையும் சேர்ந்த மென்மையான மிட்டாய். ஏறக்குறைய நம் மஸ்கோத் அல்வாவின் தூரத்து உறவு. கேட்டதால் கிடைத்தது, கேளாதிருந்தால் பயத்தாலேயே இழந்திருப்போம்.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு பழைய கட்டடத்தின் முன் பெரியவர் நின்றார. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவ்ரெனோஸ் பே கட்டிய இமாரத் அது. வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் இலவசமாக உணவளிப்பதற்கென எழுப்பிய இடம். இன்று அது கிறித்தவ திருச்சபை அருங்காட்சியகம். அது பற்றி அவர் எதுவும் குறைப்படவில்லை. "இந்த ஊருக்கு வருகிறவர் பசியோடு போகக் கூடாது என்பது பழைய வழக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நமக்கான கடலைப் பொட்டலத்துக்குத் தாமே காசு கொடுத்தார். எவ்வளவு மறுத்தும் விடவில்லை.

திரும்பும் பயணத்தில் வண்டி மீண்டும் சாலையோரத்தில் நின்றது. கம்பியில் இறைச்சி சுழன்றுகொண்டிருந்தது. நாம் இறங்குவதற்குள் பையன் கடைவாசலை அடைந்து, "ஹிரினோ?" என்று உரக்கக் கேட்டான். "நே" என்றார் அந்த மனிதர். "எஃப்ஹாரிஸ்தோ" என்று நன்றி சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். எல்லை வரும்வரை எல்லோரும் கொண்டைக்கடலை தின்றோம்.