மூடி வைக்கலாம், எரிக்க வேண்டாம்

சுனிதி நம்ஜோஷியின் தாள்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிஷர் அரிய நூலகத்தில் இருக்கின்றன. 1941-இல் மும்பையில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியை விட்டுக் கனடாவில் பேராசிரியரானவர். பெண்ணியவாதியாகவும் பெண்ணை நேசிக்கும் பெண்ணாகவும் ஒளிவுமறைவின்றி எழுதியவர். அவரைப் போலவே வெளிப்படையாக எழுதிய அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1992-இல் மறைந்தார். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த அவருடைய தாள்கள் 2009-இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தன. அதுவரை அவற்றை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி.

மலேசியாவின் கேமரன் மலையில் அப்படி வைத்திருக்க ஆளும் இல்லை, இடமும் இல்லை. ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1929 முதல் இங்கே கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் தோட்டத்து வீட்டில் வாழ்ந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். டிரங்குப் பெட்டியில் இருந்த சங்கச் சந்தா அட்டை, ‘தமிழ் நேசன்’ நாளிதழ் நறுக்குகள், நோட்டுப் புத்தகக் கவிதைகள் எல்லாம் வீடு மாறும் நாளில் குப்பைக்குப் போகின்றன. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் இருந்தால் அது குப்பைக்குக்கூடப் போகாது, நேரே அடுப்புக்குத்தான். குடும்பத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ‘சொந்த விஷயம், ஆய்வுக்கு உதவாது’ என்று நம் ஆவணக் காப்பகத் துறையே இத்தகைய கடிதங்களைக் கழித்துவிடுகிறது. சம்பளச் சீட்டை வரலாறு என்று வாங்கிக்கொள்ளும் நமக்கு, அந்தச் சம்பளத்தை யாரோடு பகிர்ந்து வாழ்ந்தாள் என்பது மட்டும் எப்படி வரலாறு இல்லாமல் போகும்?

கடிதத்தை எரிக்க வைக்கும் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377டி பிரிவு ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. தனியறையில் நடந்ததற்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. 2018-இல் திரெங்கானுவில் ஷரியா நீதிமன்றத் தீர்ப்பின்படி இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுக்கப்பட்டது. எழுதியவர் இறந்திருக்கலாம், கடிதம் பெற்றவர் பக்கத்து ஊரில் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே ஒப்படைப்பவரின் கையெழுத்து மட்டும் போதாது. மற்றவரின் சம்மதம் கிடைக்கும்வரை அந்தக் கட்டு மூடியே இருக்கட்டும். பொதுப்பட்டியலில் பெயரும் தோட்டமும் வேண்டாம். வருடி இணையத்தில் ஏற்றவே வேண்டாம்; ஏறியது திரும்பி வராது. ஆனால் மூடிய கட்டு இருப்பதாக நம் உள்பதிவேட்டில் தெளிவாக எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் பணியாளர் அதை வெற்றுத் தாள் என்று எறிந்துவிடுவார்.

பெரிய நிறுவனம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. நியூயார்க்கின் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக் காப்பகம் 1970-களில் ஜோன் நெஸ்லின் குடியிருப்பில்தான் வளர்ந்தது. அம்பை 1988-இல் நிறுவிய ‘ஸ்பாரோ’ பெண்களின் குரலையும் படத்தையும் சேர்க்கிறது. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியில் ‘கம்ரா’ என்னும் பால்புதுமையினர் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. வழி கேட்க இவர்கள் இருக்கிறார்கள்.

மலையின் ஈரத்தை மறக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் தாளில் பூஞ்சை பிடிக்கும். இங்கே மழைக்காலத்தில் அது எளிதில் தாண்டும். நனைந்த கட்டைப் பிரிக்காமல், பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டாமல், அமிலமற்ற உறையில் வைத்துச் சமவெளிக்கு இறக்குங்கள். இந்த இதழோடு வரும் ஒப்படைப்புப் பத்திர மாதிரியில், எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்னும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதை நிரப்ப வேண்டியவர் தாள்களை ஒப்படைக்கும் பெண்தான். நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள்.