கரிகாலனைக் கொன்றது யார்? ஊகமும் சான்றும்



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடராக வரத் தொடங்கி, 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவுற்றது. எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் ஒரு கேள்வி மட்டும் ஓயவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? மணிரத்னத்தின் இரு திரைப்படங்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பிறகு, புதினத்தைத் தொட்டுப் பார்த்திராத எங்கள் ரஹாங் வட்டாரப் பிள்ளைகளும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

"கட்டுக்கதைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? பாடத்தைப் பார்" என்று கூறும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. ஊகிக்கும் பிள்ளைதான் ஊன்றிப் படிக்கிறது. ஆனால், ஊகிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே சான்று கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லையேல், அதே பழக்கம் மனிதரைப் பிறப்பால் எடைபோடும் பழக்கமாக மாறிவிடும். இதுவே நான் இங்குச் சொல்ல வந்தது.

கல்கி வைத்த புதிர்கள் சிறியவை அல்ல. நந்தினி யார் மகள்? சுந்தர சோழரின் மகள் என்று ஒரு கட்டத்தில் நம்பவைக்கப்படுகிறோம். பின்னர் வீரபாண்டியனை நோக்கித் திருப்பப்படுகிறோம். ஊமை ராணியின் முகமும் நந்தினியின் முகமும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்த வாசகர், மற்றவர்களுக்கு முன்பாகவே விடையை நெருங்கியிருப்பார். தஞ்சையில் பூத்தொண்டு செய்துகொண்டு, அரண்மனைப் பேச்சே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது இறுதிப் பாகத்தில்தான் வெளிப்படுகிறது. ஆயினும் சிவபக்தியில் மூழ்கிய அவனுடைய இயல்பைத் திருவிசைப்பா பாடிய கண்டராதித்தரின் இயல்போடு ஒப்பிட்டவர்கள் முன்பே ஐயுற்றிருக்கலாம். வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்து இப்படி ஊகித்தவர்கள் அக்கால வாசகர்கள். தொடர் முடிந்த பின்னும் அவர்களின் கேள்விகள் ஓயாததால், கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது.

இது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நெடுங்கதை வரிசையில் முதல் நூல் 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரும் ஜான் ஸ்நோ என்னும் இளைஞனின் பெற்றோர் யார் என்பதை வாசகர்கள் சிறு சிறு குறிப்புகளைக் கொண்டே ஊகித்தனர். அந்நூல்களைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2016ஆம் ஆண்டில் அந்த ஊகத்தை உறுதிப்படுத்தியது. கூர்ந்து படித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

பொன்னியின் செல்வனில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. இதன் மாந்தருள் பலர் உண்மையில் வாழ்ந்தவர்கள். எனவே மாணவர்களிடம் மூன்று சான்றுகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

1. புதினம்: கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த இருளில் கரிகாலன் மாள்கிறான். நந்தினியா, இரவிதாசன் கூட்டமா, தன் கத்தியே பட்டது என்று நம்பும் பெரிய பழுவேட்டரையரா, அல்லது கரிகாலன் தானே தேடிக்கொண்ட முடிவா? கல்கி கதவை முழுதாக மூடவில்லை. பழி சுமந்து சிறை சென்றவனோ வந்தியத்தேவன்.

2. திரைப்படம்: சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் இதில் இல்லை. படம் மட்டும் பார்த்த பிள்ளையும் நூலைப் படித்த பிள்ளையும் வெவ்வேறு மதுராந்தகர்களைப் பற்றித்தான் வாதிடுகின்றனர்.

3. கல்வெட்டு: காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லியே குறிக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதை அது சொல்லவில்லை.

காரணம் இல்லாத இடத்தில்தான் ஊகங்கள் முளைக்கின்றன. உத்தம சோழருக்குப் பங்குண்டு என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்பதாகும். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆகவே அவன் பாண்டியனிடம் பணிபுரிந்தவன் என்பார் சிலர். பாண்டிய நாட்டை வென்ற பின் சோழரே அளித்த பட்டமாகவும் இருக்கலாமே என்பார் வேறு சிலர். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரு தரப்பும் வாதிடுகின்றன. குந்தவையே கொலைக்குப் பின்னால் இருந்தாள் என்று பேசுவோரும் உளர். அவர்களிடம் "எந்தக் கல்வெட்டில்?" என்று கேட்டால் விடை வருவதில்லை. முதல் இருவரும் செய்வது ஆய்வு. பின்னவர் செய்வது வம்பு.

அக்கல்வெட்டில் என்னை மிகவும் தைப்பது கொலையாளிகளின் பெயர்கள் அல்ல. பறிமுதலான நிலவுடைமை அவர்களோடு நிற்கவில்லை. உடன்பிறந்தார், மக்கள், மாமன்மார், பெண் கொடுத்தவர், எடுத்தவர் என உறவு முழுவதும் அப்பட்டியலில் வருகிறது. இதை வகுப்பில் விளக்கியபோது, "மாமா என்ன செய்தார் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் விடை இல்லை, கல்லிலும் இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரச ஆணை அப்படி இருந்தது. இன்றோ திரைப்படம் பார்த்துவிட்டு, அந்த மூவரின் குலத்தைச் சுட்டி, "இந்தக் கூட்டமே இப்படித்தான்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கொலை வழக்கின் பெயரால் ஒரு பிறப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த வகை ஊகம்? பிள்ளைகள் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்து, வருங்காலம் உரைத்தல். குடந்தை சோதிடர் அருள்மொழியைத் துருவ நட்சத்திரம் என்கிறார். அவன் கையில் சங்கு சக்கர ரேகை உண்டு என்ற பேச்சும் நாடெங்கும் உலவுகிறது. ஆனால் முடிசூட்டும் வேளையில் அவன் செய்வது என்ன? மணிமுடியை உத்தம சோழனுக்கு அளித்துவிட்டு விலகி நிற்கிறான். இறுதிப் பாகத்திற்குக் கல்கி வைத்த பெயர் 'தியாகச் சிகரம்'. வரலாற்றிலும் இராசராசன் அரியணை ஏறியது 985ஆம் ஆண்டில்தான், உத்தம சோழரின் ஆட்சிக்குப் பிறகுதான்.

நம் மரபில் இது புதிதன்று. இளையவனுக்கே அரசு என்று நிமித்திகன் உரைத்ததும், அண்ணன் செங்குட்டுவன் வருந்தாதிருக்க இளங்கோ துறவு பூண்ட செய்தியைச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை தருகிறது. சோதிடம் சொன்னதை அவர் மறுத்து வாதிடவில்லை. தம் செயலால் விடை சொன்னார்.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக ஒரு சோதிடம் சொல்லப்பட்டு வந்தது. பால்மரம் வெட்டியவன் மகன் பால்மரம்தான் வெட்டுவான் என்பதே அது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அந்தச் சோதிடம் மட்டும் முழுதாகக் குடிபெயரவில்லை. "இவன் குடும்பத்தைத் தெரியாதா? இவன் எங்கே படிக்கப் போகிறான்?" என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. பிறப்பை வைத்துச் சொல்லும் எந்த ஆரூடமும் சான்றில்லாத ஊகமே.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய பரிந்துரை. பொன்னியின் செல்வனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தடுக்காதீர்கள். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடச் சொல்லுங்கள்: 'என் ஊகம்', 'என் சான்று', 'இதற்கு எதிரான சான்று'. மூன்றாம் பத்தியைத் தானே நிரப்பக் கற்ற பிள்ளை, நாளை எந்த வதந்தியையும் அவ்வளவு எளிதில் நம்பாது. எந்த மனிதரையும் குலம் கேட்டு எடைபோடவும் துணியாது.

கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்கு உங்கள் ஊகம் என்ன? தாராளமாகச் சொல்லுங்கள். சான்றையும் மறவாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.